ரேடியோவுக்கும் பூட்டுக்கும் நடுவே ஓர் இன்ஜின்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். படுதாக்காவைக் கேட்டால், மத்தளம் கொடுத்து வைத்தது என்பாள். அதற்கு இடி மட்டும்தான் விழுகிறது. "அவர்கிட்ட போய் இதைச் சொல்லு" என்று யாரும் மத்தளத்தைத் தூது அனுப்புவதில்லை.

அவளுக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் கணவர், நடுவில் இருவருக்கும் சொந்தமான ஒரு பழைய ஜீப். அந்த ஜீப்புக்கு இப்போது இன்ஜின் இல்லை. இந்தக் கதையில் இருக்கிற அத்தனை வம்புக்கும் அதுதான் காரணம்.

படுதாக்கா என்பது கடைத்தெரு வைத்த பெயர். லாரிக்குத் தார்ப்பாய், வேனுக்கு சீட் கவர், ஜீப்புக்குப் படுதாக் கூரை என்று வண்டிக்கு வேண்டிய எந்தத் தையலுக்கும் அவளிடம்தான் வரவேண்டும். ஷெட்டின் முன்பக்க அறைதான் அவள் கடை. உள்ளே நுழைந்தால் ரெக்ஸின் வாடை மூக்கைத் துளைக்கும். சுவரோரம் சுருட்டி நிறுத்திய படுதாக்கள், ஜன்னலடியில் கனத்த சக்கரம் வைத்த தையல் மெஷின், அதன் மேல் மெழுகு பூசிய நூல்கண்டு, எப்போதும் காணாமல் போகிற ஒரு கத்தரி. அட்டையில் அச்சு வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பாள். "அட்டை தப்பினா அட்டையோட போச்சு, படுதா தப்பினா என் பேரோட போச்சு" என்பது அவள் கட்சி.

அண்ணனை ஊரில் ரேடியோ என்பார்கள். ஜீப்பை ஓட்டுகிறவர் அவர்தான். அடிவாரத்துக் கடைத்தெருவிலிருந்து ஓடையைக் கடந்து, கல்லும் கரடுமான தடத்தில் ஏறி, மேலே முகட்டில் இருக்கிற போன் டவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆட்களை ஏற்றிப் போவார். சாவி திருகியதும் வண்டி கிளம்புகிறதோ இல்லையோ, அவர் வாய் கிளம்பிவிடும். போய்ச் சேரும்வரை கதைதான். மேலே வேலை இல்லாதவர்கள்கூடக் கதை கேட்கப் போய்விட்டு வந்ததுண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

கணவருக்குப் பெயர் பூட்டு. மெக்கானிக். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம், அப்போதும் குச்சிகளுக்கு இடம் இருக்கும். வருஷங்களுக்கு முன்னால் ரேடியோ வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த வேனைச் சரிபார்க்க வந்தவர், வேனைச் சரிபண்ணிவிட்டு, தங்கச்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மறுநாள் காரணமே இல்லாமல் மறுபடி வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். "வேன் நல்லாத்தானே ஓடுது மாப்ளே?" என்று ரேடியோ கேட்டதற்கு, "ம்" என்றார். அந்த 'மாப்ளே' பலித்துவிட்டது.

கல்யாணமான வருஷமே இருவரும் பணம் போட்டு அந்த ஜீப்பை வாங்கினார்கள். வாங்கும்போது அதற்குக் கூரை கிடையாது, சீட்டில் பஞ்சு கிடையாது. கூரையும் சீட்டும் படுதாக்கா தைத்தது. ஆனாலும் ஜீப் யாருடையது என்று யாராவது கேட்டால் இரண்டு ஆண்களும் "எங்க ரெண்டு பேருடையது" என்றுதான் சொல்வார்கள். அப்போதெல்லாம் படுதாக்கா, 'வெயிலும் மழையும் யார் தைச்ச கூரையில படுதாம்?' என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள்.

ஒரே முற்றம். இந்தப் பக்கம் அண்ணன் வீடு, அந்தப் பக்கம் இவள் வீடு, நடுவில் தகரக் கூரை போட்ட ஷெட். காலையில் அண்ணன் சத்தம், மதியம் கணவரின் சுத்தியல் சத்தம், சாயந்திரம் அண்ணியின் சிரிப்புச் சத்தம் என்று இத்தனை காலம் ஓடிவிட்டது. இந்தச் சத்தமெல்லாம் இல்லாத வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அப்படிப்பட்ட முற்றத்தில்தான் ஒருநாள் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்தினார்கள். பூட்டு பானெட்டைத் திறந்தார், டார்ச் அடித்தார், இன்ஜின் பிளாக்கை விரலால் தடவினார். மேலிருந்து கீழ்வரை விரிசல்.

"போச்சு" என்றார்.

ரேடியோ அதே செய்தியை வந்தவர் போனவரிடமெல்லாம் பொழுது சாயும்வரை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் ஒற்றுமைதான். வேறு இன்ஜின் போட வேண்டும் என்பதிலும் ஒற்றுமைதான். எந்த இன்ஜின் என்ற இடத்தில்தான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

"டீசல்" என்றார் பூட்டு.

"பெட்ரோல்தான்" என்றார் ரேடியோ. "டீசல் இன்ஜின் இரும்புக் குண்டு மாப்ளே. மூக்குல அவ்வளவு கனத்தைத் தொங்கவிட்டா வளைவுல வண்டி திரும்புமா? முன் பட்டை ஸ்பிரிங் உக்காந்துடாது?"

"ஸ்பிரிங் மாத்தலாம்."

"ஸ்பிரிங்கை மாத்தலாம், ஸ்டியரிங் பிடிக்கிற என் தோளை மாத்த முடியுமா?"

"டீசல் அடியிலேயே இழுக்கும். கால் வைக்க வேண்டாம்."

"இத்தனை வருஷம் பெட்ரோல்லதானே மாமியார் மேட்டை ஏறினேன்?"

மாமியார் மேடு என்பது ஓடைக்கு மேலே இருக்கிற கடைசிப் பாறை ஏற்றம். எவ்வளவு பணிந்து போனாலும் திருப்திப்படாது என்பதால் ஓட்டுநர்கள் அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்ததில் அண்ணியின் அம்மாவுக்குச் சம்பந்தம் இல்லை என்று ரேடியோ பலமுறை சத்தியம் செய்திருக்கிறார்.

வாக்குவாதம் வளர்ந்தது. இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால், அவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால். ஒரு கட்டத்தில் பூட்டு, "ஓட்டுறவருக்கு வாய்தான் ஓடும்" என்று சொல்லிவிட்டார். பேசாதவர் பேசினால் இப்படித்தான், ஒரே வார்த்தையில் காரியத்தைக் கெடுத்துவிடுவார். ரேடியோவுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு இருவரும் ஒரே ஷெட்டில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவளை நடுவில் வைத்துப் பேசினார்கள்.

"பாப்பா, உன் புருஷன்கிட்ட சொல்லு, பெட்ரோல் இன்ஜின் நம்ம கியர் பாக்ஸுக்கு அப்படியே உக்காரும்னு."

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, டீசலுக்கும் நான் உக்கார வைப்பேன்னு."

"ஏங்க, அவர் காதுல விழுந்துடுச்சு. அண்ணே, உங்க காதுலயும் விழுந்துடுச்சு. இடையில நான் எதுக்கு?" என்று படுதாக்கா கேட்டால், இரண்டு பேரும் இரண்டு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

இதுவரை அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு நின்றது அண்ணி வந்து சொன்ன செய்தியில். ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே அண்ணி சொன்னாள்: "கல் குவாரிக்காரர் ஜீப் பாடியை அப்படியே கேக்குறாராம். வர்ற ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணுமாம். உங்கண்ணன் வித்துட்டு பாதி பாதியா பிரிச்சுக்கலாம்னு சொல்றாரு. அப்புறம் வெளியூர்ல லாரி ஓட்டப் போறாராம்."

"போறாராம்னா? நீங்க?"

"நானும்தான் போகணும். இல்லேன்னா அங்க அவர் பேச்சை யார் கேப்பா?"

அண்ணி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த துணியை இரண்டு தடவை பிழிந்தாள். ஒரு இன்ஜினுக்காக இரண்டு வீடு பிரிவதா? ஊர் கேட்டால் வழித்துக்கொண்டு சிரிக்காதா? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், அந்த எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கிடப்பதை இவள் தினமும் எப்படிப் பார்ப்பாள்?

அன்று மதியம் அவள் கணவரிடம் போனாள். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். இவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தாங்க, உண்மையைச் சொல்லுங்க. எதுக்கு டீசல்?"

"மைலேஜ்."

"மைலேஜ் கணக்கு பார்க்கிற மூஞ்சியைப் பாரு. உண்மையைச் சொல்லுங்க."

அடியில் ஸ்பேனர் ஒரு நட்டை இரண்டு சுற்று திருகியது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"போன மழைக்கு உங்கண்ணன் ஓடையில நின்னுட்டாரு இல்ல. பெட்ரோல் இன்ஜினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒரு கை தண்ணி பட்டா போதும், நெருப்பு வராது, நின்னுடும். நடு வெள்ளத்துல. டீசலுக்கு அந்த நெருப்பே வேண்டாம். மூச்சுக் குழாயை உசரத்துல வச்சுட்டா தண்ணிக்குள்ளயும் ஓடும்." ஸ்பேனர் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. "அன்னிக்கு நான் போறதுக்குள்ள தண்ணி அவருக்கு இடுப்புக்கு வந்துடுச்சு."

இதை மைலேஜ் என்றாராம். படுதாக்காவுக்கு அவரை வெளியே இழுத்து இரண்டு அடி போடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அடுத்தது அண்ணன். அவர் ஜீப்பில் ஸ்டியரிங்கின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். இன்ஜின் இல்லாத வண்டியில் உட்கார்ந்து அவர் கியர் மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"அண்ணே, மூக்குல கனம், தோள்வலி, இதெல்லாம் என்கிட்ட வேண்டாம். எதுக்கு பெட்ரோல்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டீசல் போட்டா நான் எப்படிம்மா பேசுறது? அந்தக் கடகட சத்தத்துல பின்சீட்டுக்காரனுக்கு என் கதை கேக்குமா? கத்திக் கத்திச் சொல்றது கதையா, ஏலமா? பேசாம நான் எப்படி ஓட்டுறது? எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு."

அப்போதுதான் படுதாக்காவுக்கு அந்த நல்ல யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்றுதான் அவள் நினைத்தாள். இத்தனை நாள் இருவரின் பொய்யையும் சுமந்து தூது போனோமே, ஒரு தடவை உண்மையைச் சுமந்து போனால் என்ன? அன்று சாயந்திரத்துக்குள் கணவரிடம், "அண்ணன் பேச முடியாமப் போயிடும்னுதான் பயப்படுறாரு" என்றாள். அண்ணனிடம், "நீங்க வெள்ளத்துல நின்னுடக்கூடாதுன்னுதான் அவர் டீசல் கேக்குறாரு" என்றாள். இருவரும் பதில் பேசவில்லை. பூட்டு பேசாததில் அதிசயம் இல்லை. ரேடியோ பேசாததைக் கண்டு, மருந்து வேலை செய்கிறது என்று அவள் பூரித்துப் போனாள்.

மருந்து கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு லாரி முற்றத்தில் வந்து நின்றது. பழைய வண்டிகளை உடைத்து இன்ஜின் விற்கிற கடைக்காரர் முன்சீட்டிலிருந்து தன் தொந்தியை முதலில் இறக்கி, பிறகு தானும் இறங்கினார். பின்னால் படுதா மூடிய இரண்டு உருப்படிகள்.

"எதை முதல்ல இறக்கட்டும்?" என்றார்.

ஷெட்டிலிருந்து பூட்டு ஓடி வந்தார். எதிர் வீட்டிலிருந்து ரேடியோ ஓடி வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டா?" என்றாள் படுதாக்கா.

"ரெண்டுதான். மெக்கானிக் புதன்கிழமை வந்து பெட்ரோல் இன்ஜின் ஒண்ணு பார்த்து வச்சிட்டுப் போனாரு. டிரைவர் வியாழக்கிழமை வந்து டீசல் ஒண்ணு வேணும்னாரு. ரெண்டு பேரும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. நான் சொல்லலை. ஒரே முற்றம்தானேன்னு ஒரே லாரியில ஏத்திட்டேன். ரெண்டு டிரிப் எதுக்கு?"

அண்ணிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படுதாக்காவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டு பேரும் விட்டுக் கொடுத்துவிட்டார்கள்! ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற குவாரிக்காரர் இனி வந்த வழியே போகலாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் மறுபடி சத்தம் கேட்டது.

"பாப்பா, உன் புருஷன்கிட்ட சொல்லு. டீசல்தான் போடணும். அதுதான் தண்ணிக்கு நல்லது."

"உங்கண்ணன்கிட்ட சொல்லு. பெட்ரோல்தான். சத்தம் வராது."

"டீசல்!"

"பெட்ரோல்!"

முயல்களை மாற்றிக்கொண்டார்களே ஒழிய கால் இன்னும் மூன்றேதான். முன்பு சுயநலத்துக்குச் சண்டை போட்டார்கள் என்றால், இப்போது பெருந்தன்மைக்குச் சண்டை போட்டார்கள். சுயநலச் சண்டையையாவது பஞ்சாயத்து பண்ணலாம். நீ ஜெயிக்கணும், நான் தோற்கணும் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் யார் தீர்த்து வைப்பது? ரேடியோ கோபத்தின் உச்சியில், "நம்ம பேச்சுக்கு இங்க மதிப்பில்லை. குவாரிக்காரருக்கே கொடுத்துடலாம்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க. ஒண்ணை இறக்கிட்டு ஒண்ணைத் திருப்பி எடுத்துட்டுப் போறேன்" என்றார் கடைக்காரர்.

"அவளைக் கேளுங்க" என்றார் பூட்டு.

"ஆமா, பாப்பாவே சொல்லட்டும்" என்றார் ரேடியோ.

இத்தனை நாளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். சலிப்பில் சொன்னதுதான், ஆனாலும் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்த ஜீப்பைப் பற்றி அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை, சீட் என்ன நிறம் என்பதைத் தவிர. படுதாக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ரெண்டையும் இறக்குங்க. நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

"நாளைக்கா?"

"அளவு எடுக்காம நான் எதையும் வெட்ட மாட்டேன்."

அந்தப் பகல் முழுக்க அவள் இரண்டு இன்ஜினையும் சுற்றிச் சுற்றி வந்து டேப்பால் அளந்தாள். உடம்பு அளவு எடுப்பதுபோல் அதன் தோள், இடுப்பு, அடிவயிறு எல்லாம் எடுத்தாள். எண்ணெய்த் தொட்டி எவ்வளவு கீழே தொங்குகிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் போகிறது, கியர் பாக்ஸோடு சேருகிற முகம் எவ்வளவு அகலம் என்று கணவரைக் கேட்டுக் கேட்டு எழுதாமலே மனசில் வைத்துக்கொண்டாள். பிறகு அட்டையை வெட்டி, நூல் போட்டு, இரண்டு இன்ஜினுக்கும் இரண்டு அட்டைப் பொம்மை செய்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "அட்டையிலயா ஓடப்போகுது?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, தள்ளிவிட நீங்க வாங்க" என்றாள்.

மறுநாள் பெட்ரோல் பொம்மையை ஜீப்புக்குள் இறக்கினாள். தைத்துப் போட்ட சட்டை மாதிரி உட்கார்ந்தது. ரேடியோவின் முகத்தில் ஒரு நொடி ஆசை வந்து போனதை அவள் பார்த்தாள். டீசல் பொம்மையை இறக்கினாள். அடித்தொட்டி முன் அச்சில் இடித்தது.

"தொட்டியை வெட்டி மாத்திடலாம்" என்று பூட்டின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார், கட்சி மாறியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டீசல் பொம்மைக்குப் பின்னால், ஓட்டுநர் காலடிக்கு முன்னால் இருக்கிற தகரத்துக்கும் அதற்கும் நடுவில், மூன்று விரல் இடைவெளி இருந்தது. படுதாக்கா அதில் கையை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"டீசல்" என்றாள். "அட்டை என்ன சொன்னாலும் டீசல்தான். அண்ணன் இன்னொரு தடவை வெள்ளத்துல நிக்கிறதை நினைச்சா எனக்குச் சோறு இறங்காது. ஷெட்டுல உக்காந்துக்கிட்டு இவர் வாசலையே பார்க்கிறதையும் என்னால பார்க்க முடியாது."

"அப்ப பேச்சு?" என்றார் பூட்டு. அண்ணன் கேட்கவில்லை. கணவர்தான் கேட்டார்.

"பேச்சை என்கிட்ட விடுங்க. அந்த மூணு விரல் இடம் எனக்கு."

கடைக்காரர் பெட்ரோல் இன்ஜினை ஏற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை குவாரிக்காரர் வந்தபோது ஜீப் பாடிக்குள்ளிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஆனால் கால்கள் இரண்டு ஜோடி இருந்தனவே தவிர, அவற்றுக்கிடையே பேச்சு இன்னும் படுதாக்கா வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தூது வழக்கம் இன்ஜினை இறக்குகிற அன்று உடைந்தது. சங்கிலிக் கப்பியில் டீசல் இன்ஜின் தொங்கியது. சங்கிலியைப் பிடித்து ரேடியோ மெல்ல மெல்லத் தளர்த்த, கீழே பூட்டு கையை விட்டு வழிகாட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தது.

"மச்சான், நிறுத்துங்க!"

ரேடியோ நிறுத்தினார். "மாப்ளே, கை நல்லா இருக்கா?"

"ம்."

"விரல் அஞ்சும் இருக்கா?"

"ம். இறக்குங்க."

இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் வேலையைப் பார்த்தார்கள். படுதாக்கா மெஷின் சக்கரத்தை வேகமாகச் சுற்றினாள். தூது வேலை போனதில் அவளுக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

அவள் வேலை அவளுக்கு நிறைய இருந்தது. பழைய கம்பளியை நான்கு மடிப்பாக மடித்து, கட்டம் கட்டமாகத் தையல் போட்டு, மேலே படுதாவும் கீழே படுதாவும் வைத்து, மெத்தை மாதிரி கனமாக ஒன்று தைத்தாள். அது இன்ஜினுக்கும் காலடித் தகரத்துக்கும் நடுவில் போயிற்று. இன்னொன்று கியர் பாக்ஸ் மேட்டின் மேலே, ரெக்ஸின் உறை போட்டு. இன்னொன்று பானெட்டின் அடிப்பக்கம். புகைக்குழாய்ப் பக்கம் சூடு பட்டுப் பொசுங்கிவிடும் என்று பூட்டு அந்த இடத்தில் மட்டும் ஒரு தகரத் தட்டு அடித்துக் கொடுத்தார். ஊசி மூன்று முறை ஒடிந்தது. விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டாள். 'என் கூரைக்கு அடுத்தபடியா இதுதான் என் பேர் சொல்லும்' என்று நினைத்தாள்.

முதல் தடவை இன்ஜினை எழுப்பியபோது முற்றமெல்லாம் புகை. அண்ணி வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடின. வெளியே நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரேடியோ உள்ளே ஏறி, கதவை இழுத்து மூடி, படுதாத் திரையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை வெளியே நீட்டினார். "பாப்பா, உள்ள வந்து பாரு. நான் பேசுறது எனக்கே கேக்குது!" என்றார்.

மறுநாள் முதல் பயணம். டவர்க்காரர்கள் இருவர், அதில் ஒருவர் வேலைக்குப் புதுசு. மேலே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற டீச்சர் ஒருவர். படுதாக்கா எப்போது மேலே போனாலும் உட்காருகிற இடத்தில், முன்சீட்டில் அண்ணனுக்கும் டீச்சருக்கும் நடுவில். பின்னால் டவர் சாமான் மூட்டைகளுக்கு நடுவே, யாரும் எதிர்பார்க்காமல், பூட்டு ஏறி உட்கார்ந்தார்.

வருஷக்கணக்கில் அந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்ட மனிதர் அதில் ஒருநாளும் பயணம் போனதில்லை. "ஓடாதப்பதான் என் வேலை. ஓடுறப்ப இல்லை" என்பார். இன்று மட்டும், "மேட்டுல இன்ஜின் எப்படி இழுக்குதுன்னு கேக்கணும்" என்று ஏறிவிட்டார். ஆனால் போன மழைக்குப் பிறகு அவர் போகாததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு, அது படுதாக்காவுக்குத் தெரியும். டவர்க்காரர்கள் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருமுறை ஒருவர், "தலைப்பாகை அண்ணன் இவர்தானா?" என்று இன்னொருவரிடம் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. மச்சான் வழியெல்லாம் தன்னைக் கிண்டல் பண்ணிச் சிரிப்பு மூட்டுகிறார் என்று அன்றிலிருந்து அவர் மனசில் ஒரு முள். "அது கிண்டல் இல்லைங்க" என்று இவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் என்று அவர் நம்பவில்லை.

ஜீப் கடைத்தெருவைத் தாண்டியது. ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு. எல்லோரும் எட்டிப் பார்த்திருக்க, டீசல் அதைப் பொருட்படுத்தாமல் அந்தக் கரைக்கு ஏறியது. பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணே, இந்த ஓடைக் கதையைச் சொல்லுங்க. இவன் புதுசு, கேட்டதில்லை" என்றார் பழைய டவர்க்காரர்.

ரேடியோ கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பூட்டு தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, இன்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தார். "அவருக்கு இன்ஜின் சத்தம் தவிர ஒண்ணும் காதுல விழாது" என்று சொல்லிக்கொண்டே ரேடியோ ஆரம்பித்தார்.

"போன மழை தம்பி. இதே இடம். நடு ஓடையில வண்டி செத்துப் போச்சு. டீச்சரும் இருந்தாங்க, கேளுங்க. தண்ணி சீட்டுக்கு வருது. நான் அப்பதான் வாழ்க்கையில முதல் தடவையா வாயை மூடினேன். திரும்பிப் பார்த்தா, என் மாப்ளே வர்றாரு. நனையாம இருக்கணும்னு காஞ்ச துணியெல்லாம் தலையில தலைப்பாகையா கட்டிக்கிட்டு, கையில கம்பு, இடுப்பளவு தண்ணியில ராஜா மாதிரி வர்றாரு!"

டவர்க்காரர்கள் சிரித்தார்கள். படுதாக்கா பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"யார் சொல்லி அனுப்பினா? யாரும் இல்லை. நான் திரும்புற நேரம் தாண்டிடுச்சு, அவ்வளவுதான். வந்தவரு பானெட்டைத் திறந்து, மழை உள்ள விழாம தன் முதுகையே குடையா வளைச்சுக்கிட்டு, ஒவ்வொரு வயரா துடைச்சாரு. வண்டிக்கு உசுர் வந்துடுச்சு. ஏறுங்க மாப்ளேன்னேன். ஏறலை. அந்தக் கம்பை ஊன்றி ஆழம் பார்த்துக்கிட்டு, வண்டிக்கு முன்னால நடந்தாரு. அவர் கால் வச்ச இடத்துல நான் சக்கரத்தை வச்சேன்." ரேடியோவின் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தத் தாழ்ந்த குரலும் கடைசி மூட்டைவரைக்கும் தெளிவாகக் கேட்டது. "தம்பி, எனக்கு ஆயிரம் பேரைத் தெரியும். எனக்காக அப்படி முன்னால நடந்தவங்க யாரும் கிடையாது. எங்கப்பாகூட இல்லை. வழியெல்லாம் நான் இதைத்தான் சொல்லிட்டுத் திரியறேன். அவர்கிட்ட மட்டும் சொன்னதில்லை. சொன்னா 'ம்'னுவாரு. கரையேறினதும் அவர் என்ன பண்ணாரு தெரியுமா..."

எதிரே மாமியார் மேடு வந்துவிட்டது. ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டு முதல் கியருக்குப் போனார். இத்தனை தூரம் எல்லோரும் வந்ததே இந்த இன்ஜின் இந்த மேட்டில் எப்படி இழுக்கிறது என்று பார்க்கத்தான்.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பூட்டின் குரல் வந்தது.

"மச்சான், ஓரமா நிறுத்துங்க. கதையை முடிச்சிட்டு ஏறலாம்."

ரேடியோ வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அதற்குப் பிறகும் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.